பன்னிரண்டுக்கு மேல் இடமில்லை

கச்சிராயபாளையம்
17-1-2023

அன்புத் தம்பி தீனதயாளனுக்கு அக்கா விஜயலட்சுமி எழுதுவது.

நான் சுகம். குளிருக்கு முழங்கால் வலி கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி குறையில்லை. கோகிலவாணிக்குச் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது? செந்தமிழ்ச்செல்வி பொங்கலுக்காவது ஹாஸ்டலிலிருந்து வந்தாளா? இங்கே பொங்கல் பானை ஒன்று வைத்தேன், தின்பதற்குத்தான் ஆள் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் கொல்லையில் சிக்னல் கிடைப்பதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, போனில் கேட்டால் "வேணாம்க்கா" என்று ஒரே வார்த்தையில் வைத்துவிடுவாய். கடிதமென்றால் உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதியாக வேண்டும்.

சத்துணவு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு வாங்கி ஏழு மாதமாகிறது. உன் மாமா போய் இரண்டு வருஷம். தொண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டவள் இப்போது ஒரு டம்ளர் அரிசி வேகவைத்து அதிலும் பாதியை மீதம் வைக்கிறேன். கார்த்திகை மாதம் கரியாலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மலைப்பாதை வளைவில் ஒரு பெட்டை நாய் அடிபட்டுக் கிடந்தது. அருவி பார்க்க வந்த கார் ஏதோ ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லித் தூக்கிக்கொண்டு ஏறினேன். கண்டக்டர், "நாய்க்கெல்லாம் டிக்கெட் கெடையாதும்மா, எறங்கு" என்றான். இறங்கி நடந்தேன். அது பிழைத்துக்கொண்டது, மூன்று காலால் ஓடுகிறது. அதற்குப் பிறகு மூன்று வந்து சேர்ந்தன.

அப்பா விட்டுப்போன மலையடிவாரக் கொல்லையில் வேலி போட்டு, இந்த மாதிரி நாய்களுக்கு ஒழுங்காக ஒரு காப்பகம் நடத்தலாம் என்றிருக்கிறேன். நீ சென்னைப் பக்கம் ஒரு நாய்க் காப்பகத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். ஆரம்பிக்கும் முன்னால் எதையெதை யோசிக்க வேண்டும்? மறைக்காமல் எழுது. அந்த வேலையை ஏன் விட்டாய் என்றும் எழுது. அதை நீ யாருக்கும் சொன்னதில்லை.

இப்படிக்கு உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா


ஓசூர்
6-2-2023

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

இங்கே மூவரும் நலம். கோகிலாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. உன் முழங்காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடு.

போனில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். நீ கேட்க மாட்டாய் என்று தெரிவதால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

நம் போரில் சித்திரை மாதம் தண்ணீர் வருமா? நாய் குடிப்பதற்கு அல்ல, கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும். நாள் முழுக்கக் கழுவ வேண்டியிருக்கும். புதிதாக வரும் நாயைத் தனியாக அடைக்க, மற்றதிலிருந்து தள்ளி ஓர் இடம் கட்டு. இரண்டு வாரம் அது அங்கேதான் இருக்க வேண்டும், எவ்வளவு அழுதாலும். எங்கள் இடத்தில் பாவம் பார்த்து ஒரு குட்டியை நேராக உள்ளே விட்டார்கள். எட்டு நாளில் முப்பத்தொரு நாயைச் சாக்கில் கட்டி நான் தூக்கினேன். அந்த நோய்க்குப் பெயர் பார்வோ. எழுதி வைத்துக்கொள்.

டாக்டர் யார்? மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு பக்கம் மாடு கன்று போட முடியாமல் கிடக்கும். அவர் உன் நாய்க்கு வருவாரா என்று முதலிலேயே கேள். பெட்டை நாய் எல்லாவற்றுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடு. அக்கம்பக்கத்தில் ஆடு வைத்திருப்பவர்கள் வீட்டுக்கெல்லாம் போ. சொல்லிவிட்டு வராதே, கேட்டுவிட்டு வா.

நாய்க்கு ஊசி போடுவார்கள். நாயைத் தொடுகிற மனிதரும் கடிபடுவதற்கு முன்னாலேயே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதை யாரும் செய்வதில்லை.

உனக்கு ஒரு வாரம் காய்ச்சல் என்று படுத்தால் யார் பார்ப்பார்கள்? பேர் எழுது. பேர் இல்லையென்றால் ஆரம்பிக்காதே.

பிழைக்காத நாயை டாக்டர் ஊசி போட்டு முடிக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அது நீயாகத்தான் இருக்கும். முடியுமா?

கடைசியாக, ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள். பத்தோ பன்னிரண்டோ. அதைக் கேட்டில் பெரிதாக எழுது. வருகிறவர்களுக்காக அல்ல, உனக்காக. இல்லை என்று சொல்லத் தெரியாதவர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

நான் ஏன் விட்டேன் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தம்பி
தீனதயாளன்


கச்சிராயபாளையம்
19-3-2023

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

உடம்பு நன்றாக இருக்கிறது, முன்னைவிட நன்றாக இருக்கிறது. ஐந்து மணிக்கு எழுந்தால் படுக்கும்வரை முழங்கால் ஞாபகமே வருவதில்லை.

நீ எழுதியதையெல்லாம் செய்திருக்கிறேன். கம்பி வேலி போட்டாயிற்று. புதிய நாய்க்குத் தனிக் கொட்டகை, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம். கேட்டில் பெயிண்டரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன்: "பன்னிரண்டுக்கு மேல் இடமில்லை." இப்போது ஒன்பதுதான். கள்ளக்குறிச்சியில் கோழிக்கடை வைத்திருக்கும் நவுஷாத் என்ற பையன், தலையும் காலும் ஒரு வாளி நிறையப் போட்டு, தினமும் காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறான். குருணைக் கஞ்சியில் அதைப் போட்டு வேகவைத்தால் ஒரு பருக்கை மிஞ்சாது.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பக்கத்துக் கொல்லை ராணியம்மாள் பதினாறு ஆடு வைத்திருப்பவள். வீட்டுக்காரர் கந்தசாமி பாதி வருஷம் கூர்க்கில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விடுவார். "இன்னா டீச்சரம்மா, இத்தினி நாய வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள். சும்மா சோறு போடப் போகிறேன் என்றேன். "பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குப் போட்டீங்க, படிச்சிட்டு ஊர விட்டுப் போய்ட்டானுங்க. இதுங்க போவாது, காலாண்டயே சுத்தும்" என்று சொல்லிச் சிரித்தாள். மறுநாள் காலை தானாக வந்து அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து கஞ்சி அவள் பொறுப்பு. நாய்களுக்கெல்லாம் தன் சொந்தக்காரர்கள் பேரை வைத்திருக்கிறாள். நொண்டிப் பெட்டை அவளுடைய நாத்தனாராம்.

நாய்களுக்கு ஊசி போட்டாயிற்று. நமக்கும் போட வேண்டுமாமே என்றதற்கு, "நாய்க்குத்தான் போட்டாச்சில்ல, எனக்கு இன்னாத்துக்குங்க?" என்று கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன். மெதுவாகப் போட்டுக்கொள்கிறோம்.

எனக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்று கேட்டாயே, பேர் எழுதிவிட்டேன் பார். ராணியம்மாள்.

கோகிலாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அக்கா


ஓசூர்
10-4-2023

அக்காவுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆசை.

நீ சந்தோஷமாக இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. உன் கையெழுத்து இவ்வளவு நேராக நான் பார்த்ததில்லை.

ஆனால் சிரிப்பதற்காக அதை நான் எழுதவில்லை. இரண்டு பேரும் போய் ஊசி போட்டுக்கொண்டு, தேதியை எனக்கு எழுது.

ராணியம்மாளுக்கு உடம்பு முடியாமல் போனால் யார்?

யாராவது போட்டோ எடுத்தால் ஊர் பேரைப் போட விடாதே. இடம் தெரிந்தால் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

செல்வி பரீட்சை எழுதுகிறாள். எனக்கு ஷிப்ட் மாறிவிட்டது. அதிகம் எழுத நேரமில்லை.

தீனதயாளன்


கச்சிராயபாளையம்
23-7-2023

தம்பிக்கு, அக்கா எழுதுவது. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் கொஞ்சம் கம்மி.

மூன்று மாதமாக எழுதவில்லை என்று கோபிக்காதே. மே மாதம் அருவிக்கு வந்த பிள்ளைகள் இரண்டு பேர் இங்கே வந்து, நான் கஞ்சி ஊற்றுவதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். நல்ல பிள்ளைகள். அதை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்களாம். என் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் துபாயிலிருந்து கூப்பிட்டு அழுதான். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அதிலிருந்து கார் வருகிறது. சின்னசேலம், சேலம், ஆத்தூர் என்று எங்கிருந்தோ வருகிறார்கள். வீடு மாறுகிறோம் என்கிறார்கள், குழந்தைக்கு அலர்ஜி என்கிறார்கள், கடிக்காதும்மா தங்கமான நாய் என்கிறார்கள். போர்டைக் காட்டினால், "ஒண்ணே ஒண்ணு தாம்மா" என்கிறார்கள். கேட்டைத் திறக்காவிட்டால் வேலியில் கட்டிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் காலையில் ஒரு சாக்கு அசைந்துகொண்டிருந்தது. அவிழ்த்தால் ஆறு குட்டிகள், இரண்டு ஏற்கெனவே செத்திருந்தன. நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டிருப்பாயா?

தனிக் கொட்டகையும் நிறைந்துவிட்டது. இப்போது கஞ்சி இரண்டு அண்டா.

ஆனி மாதம் வேலிக்கு அடியில் தோண்டிக்கொண்டு போய் நான்கு நாய்கள் ராணியம்மாளின் ஆட்டைக் கடித்துக் கொன்றுவிட்டன. சினை ஆடு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் குனிந்து ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "விடுங்க டீச்சரம்மா, அதுக்கு இன்னா தெரியும்" என்றாள். மறுநாளும் கஞ்சி காய்ச்ச வந்தாள். ஊரில் மற்றவர்கள் அப்படி இல்லை. தெருவில் நடந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு வா தீனா. நீ வந்து நின்றால் எனக்கு மூச்சு விட முடியும். கள்ளக்குறிச்சிக்குப் போய் மூன்று மாதமாகிறது.

அக்கா


ஓசூர்
14-8-2023

அக்காவுக்கு வணக்கம்.

எண்ணிக்கையை நீ எழுதவில்லை. நான்கு பக்கக் கடிதத்தில் அந்த ஒன்று மட்டும் இல்லை. இரண்டு அண்டா என்றால் நாற்பதாவது இருக்கும். ஒன்பது வருஷம் அண்டா கழுவியவன் நான், என்னிடம் மறைக்க முடியாது.

நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டாய். குட்டிகளைத் தூக்கி உள்ளேதான் விட்டிருப்பேன். எங்கள் முதலாளியம்மாவும் அதைத்தான் செய்தார். அறுபது நாய்க்குக் கட்டிய இடத்தில் இருநூற்றுப் பத்து ஆனபோதும் அவர் நல்லவராகத்தான் இருந்தார். நல்லவர் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

இன்றே கேட்டைப் பூட்டு. வெளியே ஆளை வைத்தாவது நிறுத்து. உள்ளே இருப்பதில் பாதியையாவது வேறு யாரிடமாவது கேட்டு அனுப்பு.

லீவு கிடைக்காது. கம்பெனியில் ஆள் இல்லை. தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம்.

ராணியம்மாளுக்கு ஆட்டுக்கு ஈடாக ஏதாவது செய். விடுங்க என்று சொல்கிறவர்களிடம்தான் நாம் ரொம்ப எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தீனதயாளன்


கச்சிராயபாளையம்
20-9-2023

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். கோகிலா, செல்வி சுகத்துக்கு எழுது.

நீ வராததில் வருத்தம் இல்லை. உனக்கும் வேலை இருக்கிறது.

இந்த மாதம் ரொம்ப அலைச்சல். மழை பிடித்துக்கொண்டது, கொட்டகையில் ஒரு பக்கம் ஷீட் பறந்துவிட்டது. ஒரு கும்பலாக வந்த நாய்களுக்கு நீ சொன்ன அந்தப் பார்வோ. ரத்தமாகப் போகிறது. நாற்றம் துணியை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. டாக்டர் இரண்டு தரம் வந்தார், மகராசன். ஏழு போய்விட்டன.

மாத ஆரம்பத்தில் சேலத்துக் கார்க்காரர்கள் விட்டுப்போன செவலை நாய் ஒன்று, தட்டு வைக்கும்போது ராணியம்மாளின் கையைக் கடித்துவிட்டது. ஊசி போட்டாச்சு. அந்த நாயும் இரண்டு நாளில் செத்துவிட்டது, இடம் சேரவில்லை போலிருக்கிறது. கழுத்தில் நல்ல பெல்ட் எல்லாம் போட்டிருந்தார்கள்.

நவுஷாத்தின் தங்கைக்குக் கல்யாணமாம், பத்திரிகை வைத்தான். எங்கே போவது? விட்டுவிட்டு நகர முடியவில்லை.

மற்றவை பின்பு.

அக்கா


ஓசூர்
27-9-2023

அக்கா,

கடிதம் கிடைத்த உடனே போன் செய்தேன். ஒன்பதாவது தரம் எடுத்தாய். "எல்லாம் போட்டாச்சுடா" என்றாய். மழைச் சத்தம் என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடித்த நாய் இரண்டு நாளில் செத்தது என்றால் அது இடம் சேராமல் செத்ததல்ல, வெறி பிடித்துச் செத்தது. உனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு கொடுத்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு ஊசிக்கும் தேதி இருக்கும். அந்தத் தேதிகளைப் பார்த்து எழுது. கையில் ஆழமான கடி என்றால் புண்ணைச் சுற்றிப் போடும் மருந்து தனியாக ஒன்று உண்டு. அதைப் போட்டார்களா? ஏதாவது விட்டுப்போயிருந்தால், நாள் தப்பிவிட்டது என்று சும்மா இருக்காதே. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே அவளைக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போ. நாய்கள் ஒரு நாள் பட்டினி கிடந்தால் சாகாது.

தேதி எழுது.

தீனா


கச்சிராயபாளையம்
3-11-2023

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி. அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

உடனே பதில் போட முடியவில்லை. பார்வோ ஒரு வழியாக அடங்கியது. தீபாவளி வருகிறது, பட்டாசுச் சத்தத்துக்கு இதுகளை எப்படிச் சமாளிப்பது என்று பயமாக இருக்கிறது. ஜன்னலுக்கெல்லாம் சாக்கு அடித்து வைத்திருக்கிறேன். கந்தசாமி கூர்க்கிலிருந்து வந்துவிட்டார். வந்ததும் ஷீட்டைச் சரிசெய்து கொடுத்தார்.

ராணியம்மாள் நன்றாக இருக்கிறாள். புண் ஆறித் தழும்பாகிவிட்டது. சீட்டை எங்கே வைத்தாளோ, தேடச் சொல்கிறேன். இரண்டு நாளாகக் கை மதமதப்பாக இருக்கிறது, எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்கிறாள். சோறும் சரியாகச் சாப்பிடவில்லை. ஈரத்திலேயே நின்றால் அப்படித்தான் இருக்கும். தைலம் தேய்க்கச் சொன்னேன்.

செல்விக்குத் தீபாவளிக்குச் சுடிதார் எடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன், டவுனுக்குப் போக முடியவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்.

அக்கா


ஓசூர்
20-11-2023

அக்காவுக்கு.

நாங்கள் நலம். உன்னை நலமா என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த நாள் நான் தீபாவளிக்காக இரட்டை டூட்டியில் இருந்தேன். கோகிலா டீவி மேல் வைத்திருந்தாள். பத்தாம் தேதிதான் பிரித்தேன். மதமதப்பு என்று எழுதியிருந்தாய். அந்த இடத்துக்குமேல் படிக்கவில்லை. உன் போன் அணைந்திருந்தது. நீ ஒரு தரம் பேசிய நம்பரை வைத்திருந்தேன், அதில் நவுஷாத்தைக் கூப்பிட்டேன். "சார், ஒங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றான். "ஒங்க அக்கா நல்லாத்தான் இருக்குறாங்க. அந்தக் கஞ்சி காய்ச்சற அம்மாதான் நேத்து போய்ட்டாங்க. தண்ணி குடுத்தா ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சாம். மூணு நாளா பெரியாஸ்பத்திரியில வச்சிருந்தாங்க."

பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். சேலம் பஸ் நின்றுகொண்டிருந்தது. அது புறப்படும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

நீ எழுதாமல் விட்டதைப் பற்றி நான் பேச முடியாது, அக்கா. நானும் ஒன்று எழுதாமல் விட்டேன். ஆகஸ்டில் எனக்குப் பன்னிரண்டு நாள் லீவு இருந்தது. கம்பெனியில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நான்தான் வரவில்லை.

காப்பகத்தை ஏன் விட்டேன் என்று கேட்டிருந்தாய். நான் விடவில்லை, அது மூடப்பட்டது. முதலாளியம்மா படுத்த படுக்கையானதும் பார்க்க யாருமில்லை. நோய் பரவியிருந்தது, யாரும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. டாக்டர் ஊசி போட, மிஞ்சியிருந்த எழுபத்து நான்கு நாயையும் இரண்டு நாளில் நான் பிடித்துக்கொண்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு வந்தன. அதனால்தான் அந்த வேலைக்கு என்னை நிற்க வைத்தார்கள், மற்றவர்களிடம் அவை வரவில்லை. அந்த வாடை எனக்கு இன்னும் தெரியும். உன் கொல்லைக்கு வந்தால் அது அடிக்கும் என்று பயந்தேன். அதனால் வராமல், உனக்குக் கடிதத்தில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எத்தனை ஊசி என்பதை நீ இன்னும் எழுதவில்லை.

தீனதயாளன்


கச்சிராயபாளையம்
11-2-2024

தீனா,

கோகிலாவுக்கும் செல்விக்கும் உடம்பு சரியாக இருக்கட்டும். எனக்கு உயிர் இருக்கிறது, கை கால் ஓடுகிறது.

இரண்டரை மாதம் உனக்குப் பதில் போடவில்லை. கேட்டாயே, எழுதுகிறேன். ஒரே ஒரு ஊசி. தேதி செப்டம்பர் ஐந்து.

அன்று கடி பட்டதும் சுகாதார நிலையத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். நர்ஸ் முதல் ஊசி போட்டுவிட்டு, "இன்னிக்கே கள்ளக்குறிச்சி போயி புண்ணச் சுத்திப் போடற மருந்தப் போட்டுக்குங்க. அடுத்த ஊசி எட்டாந்தேதி, மறந்துடாதீங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். நாய்களுக்குக் கஞ்சி ஊற்றும் நேரமாகிவிட்டது. எட்டாம் தேதி போய் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன்.

எட்டாம் தேதி காலை ஒரு வேன் வந்தது. யாரோ நாய் வளர்த்து விற்பவன், கடையை மூடுகிறானாம். பதினொரு நாய்கள். போர்டைப் படித்துக் காட்டினேன். அவன் ஒவ்வொன்றாக வேலிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டுப் போனான். எல்லாம் ரத்தமாகக் கழிந்துகொண்டிருந்தன. ராணியம்மாள் கேட்டருகே வந்து நின்றாள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி. நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் இரு ராணி, நாளைக்குப் போய்க்கலாம். ஒண்ணுதான் போட்டாச்சில்ல" என்றேன். "நீங்க சொன்னா சரிதாங்க" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். அன்று பொழுது சாயும்வரை இரண்டு பேரும் கழுவினோம். மறுநாளும் கழுவினோம். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

தட்டு வைக்கும்போது கடித்த செவலை, வேன் வந்ததற்கு முந்தின நாளே செத்திருந்தது. அதையும் நான்தான் புதைத்தேன். தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் செப்டம்பர் கடிதம் வந்தபோது அவள் என் எதிரில் உட்கார்ந்து குருணை புடைத்துக்கொண்டிருந்தாள். "தம்பி இன்னா எழுதிக்கீறாரு?" என்று கேட்டாள். எல்லோரையும் கேட்டிருக்கிறான் என்று சொல்லி மடித்து வைத்தேன். படித்துக் காட்டினால் எட்டாம் தேதியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அப்போதும் அழைத்துப் போயிருக்கலாம். ஆறிவிட்ட புண்ணைப் பார்த்துப் பார்த்து என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

நவம்பர் ஆறாம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா மிச்ச ஊசியப் போடல?" என்று கேட்டார். அவளால் பேச முடியவில்லை. கந்தசாமி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரே சொன்னார்: "பிடிவாதக்காரி சார். சொன்னா கேக்க மாட்டா." நான் அதை மறுக்கவில்லை. பிணத்தை எடுத்த நாள் ஊர்ச் சனம் முழுக்க அதையே சொன்னது. டீச்சரம்மா எவ்வளவோ சொல்லியும் இவள் போகவில்லையாம். என்னிடம் வந்து ஆறுதல் சொன்னார்கள், தீனா. உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். நாய்களுக்கெல்லாம் மறுபடியும் ஊசி போட்டார்கள், எனக்கும் போட்டார்கள். நான்கு முறையும் தேதி தவறாமல் போனேன். நாற்பத்து மூன்று இருந்தது. வெளியூர் அமைப்பு ஒன்று இருபத்தைந்தை எடுத்துக்கொண்டது. டாக்டர் ஆறுக்கு ஊசி போட்டு முடித்தார், நான் பிடித்துக்கொண்டேன். மிச்சம் பன்னிரண்டு. போர்டில் உள்ள கணக்குக்கு வந்துவிட்டது.

முந்தாநாள் காலை கந்தசாமி வீட்டுக்குப் போனேன். ஏணியில் நின்று கொட்டகைக்குக் கீற்று மாற்றிக்கொண்டிருந்தார். "இன்னா டீச்சரம்மா, கூப்ட்டா நானே வந்திருப்பேனே" என்றார். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேன் வந்ததை, நாளைக்குப் போகலாம் என்றதை, உன் கடிதத்தை மடித்து வைத்ததை, டாக்டர் முன்னால் தலை குனிந்ததை.

அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. கீற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அவ போவணும்னுதான் இருந்தாளா?"

"பொடவ மாத்திக்கினு கேட்டாண்ட வந்து நின்னா. சீட்டக் கையில வச்சிக்கினு இருந்தா."

"எந்தப் பொடவ?"

"பச்ச. போன வருசம் நீங்க கூர்க்லேர்ந்து எடுத்தாந்தீங்களே."

இறங்கி வந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அடித்தாலும் நின்றிருப்பேன். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"மூணு மாசமா அவளத் திட்டிக்கினு இருக்கிறேன் டீச்சரம்மா. எழுந்தா திட்றேன். சோறு வடிக்கறப்ப திட்றேன். இத்தினி பிடிவாதம் புடிச்சி என்ன இப்டி உட்டுட்டுப் போய்ட்டியேடின்னு, வூட்டுக்குள்ள நின்னுக்கினு கத்தறேன்."

கையிலிருந்த கீற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். "ராணி, ராணி" என்று இரண்டு தரம் கூப்பிட்டது கேட்டது.

நான் வெளியில் நின்றுகொண்டிருந்தேன். இருக்கச் சொல்லவும் போகச் சொல்லவும் அங்கே யாரும் இல்லை.

விஜயலட்சுமி